முதல்ல ஹைட்ரஜன் எங்கேன்னு கேளுங்க!

எந்த சிம்போசியத்துக்குப் போனாலும் "கார்பன் டை ஆக்சைடிலிருந்து எரிபொருள்"னு ஒரு போஸ்டர் கண்டிப்பா இருக்கும். இடது பக்கம் புகை விடும் சிம்னி, வலது பக்கம் பச்சை இலை, நடுவுல துளைத்துளையா ஒரு கேட்டலிஸ்ட் படம். ஆனா ஹைட்ரஜன் எங்கிருந்து வருதுன்னு மட்டும் அதுல இருக்காது. என் கருத்து இதுதான்: அதைச் சொல்லாம 'சஸ்டெயினபிள்'ங்கிற வார்த்தையை யாரும் போடக் கூடாது.

முதல்ல அந்தத் துளைகளுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துடுவோம். வினை நடக்கிறது கேட்டலிஸ்ட்டோட பரப்புலதான். உலோக அயனிகளையும் கரிம மூலக்கூறுகளையும் கோத்துச் செய்யும் எம்.ஓ.எஃப். பொருள்கள் சிலவற்றில், வெறும் 1 கிராமுக்குள் இருக்கிற பரப்பை விரிச்சா ஒரு ஃபுட்பால் மைதானம் அளவுக்கு வரும். 2025 வேதியியல் நோபல் பரிசு கிட்டகாவா, ராப்சன், யாகி மூணு பேருக்கும் கிடைச்சது இந்தப் பொருள்களுக்காகத்தான்.

ஆனா கார்பன் டை ஆக்சைடுங்கிறது எரிஞ்சு முடிஞ்ச சாம்பல் மாதிரி. அதை மறுபடி எரிபொருளாக்க வெளியிலிருந்து ஆற்றல் வேணும். கேட்டலிஸ்ட் வினையை வேகமாக்கும், ஆற்றலைத் தராது. அதைக் கொண்டு வர்றது ஹைட்ரஜன்.

மெத்தனாலையே எடுத்துக்கோங்க. 44 கிலோ கார்பன் டை ஆக்சைடோட 6 கிலோ ஹைட்ரஜன் சேர்ந்தா 32 கிலோ மெத்தனால், 18 கிலோ தண்ணீர். தண்ணீரைப் பிரிச்சு 1 கிலோ ஹைட்ரஜன் எடுக்க சுமார் 50 யூனிட் கரண்ட் ஆகும். 6 கிலோவுக்கு 300 யூனிட். நம்ம நாட்டு கிரிட்ல ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகுது. அப்போ 210 கிலோ! 44 கிலோவைப் பிடிக்க 210 கிலோவை விடுறோம். இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுத்தாலும் கிலோவுக்குச் சுமார் 9 கிலோ, மொத்தம் 54. அப்பவும் நஷ்டம்தான். எவ்வளவு நல்ல கேட்டலிஸ்ட் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

அப்போ இது வேலைக்கே ஆகாதா? ஆகும், இடத்தைப் பொறுத்து. ஐஸ்லாந்தில் ஜார்ஜ் ஓலா பெயரில் ஒரு மெத்தனால் ஆலை 2012-ல் ஓட ஆரம்பிச்சுது. அங்கே கரண்ட் வர்றது நீர்வீழ்ச்சியிலிருந்தும் பூமிக்கடி வெப்பத்திலிருந்தும். நம்ம முப்பந்தல் பக்கமும் ஆடிக் காத்து சீசன்ல கிரிட் வாங்கிக்க முடியாம காற்றாலைகளை நிறுத்தி வைக்கிறது உண்டு. அந்தக் கரண்ட்ல ஹைட்ரஜன் எடுத்தா கணக்கே வேற. ஆனா வருஷத்துல சில மாசம் மட்டும் ஓடுற எலக்ட்ரோலைசருக்கு யார் பணம் போடுவாங்கன்னும் யோசிக்கணும்.

ஹைட்ரஜனே கேட்காத வழியும் இருக்கு. எத்திலீன் ஆக்சைடோட கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்தா எத்திலீன் கார்பனேட். உங்க போன் பேட்டரிக்குள்ள இருக்கிற திரவத்துல இது ஒரு முக்கியப் பொருள். எத்திலீன் ஆக்சைடு பெட்ரோலியத்திலிருந்து வருதுங்கிறது உண்மைதான். ஆனாலும் இந்த வினைக்கு 300 யூனிட் ஹைட்ரஜன் பில் கிடையாது. நுண்துளை கேட்டலிஸ்ட் ஆராய்ச்சிக்கு இது நல்ல களம்.

"லேப்ல 2 கிராம் பண்றோம், அதுக்கு எதுக்குப்பா இவ்வளவு கணக்கு?"ன்னு கேட்பீங்க. கேட்டலிஸ்ட் செய்ய ஒரு செமஸ்டர் ஆகும். இந்தக் கணக்குப் போட ஒரு சாயங்காலம் போதும். எந்த வினையைத் தேர்ந்தெடுக்கணும்னு அந்தச் சாயங்காலமே சொல்லிடும்.

அதனால அடுத்த வருஷம் புராஜெக்ட் எடுக்கப் போற தேர்ட் இயர் மக்களே, ரிப்போர்ட்ல ஒரே ஒரு பக்கம் ஒதுக்குங்க. எத்தனை கிலோ பிடிச்சீங்க, ஹைட்ரஜன் எங்கிருந்து, அதுக்கு எத்தனை கிலோ விட்டீங்க. மூணே வரி. விடை மோசமா வந்தாலும் மறைக்காம போடுங்க. அடுத்த பேட்ச் அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.