குறட்டை விட்டால் அழகா?

2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு சின்னப் பையன் பின்னாலேயே ஓடியதே, அந்த பக் நாயை மறக்க முடியுமா? அதைப் பார்த்துவிட்டு "நம்ம வீட்லயும் அதே மாதிரி ஒண்ணு" என்று கிளம்பினார்கள். சரி, வாங்கியாயிற்று. அப்புறம்?

"எங்க நாய் மனுஷன் மாதிரியே குறட்டை விடும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை! ஐயா, அது மூச்சுக்குப் போராடுகிற சத்தம். தட்டை முகம்தான் அழகு என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இனம் சேர்த்ததில் மண்டை சுருங்கியது. உள்ளே இருக்கும் சதை சுருங்கவில்லை. மூக்குத் துளை இடுங்கி, அண்ணத்தின் பின்பக்கச் சதை நீண்டு காற்றை மறிக்கிறது. நாய்க்கு மனிதரைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. இரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். மூச்சே சரியாக வராத நாய் சென்னையின் மே மாத வெயிலை எப்படித் தாங்கும்?

பிதுங்கிய கண்ணில் எளிதாகப் புண் வரும். முக மடிப்பில் ஈரம் தங்கித் தொற்று வரும். எடை கூடினால் திணறலும் கூடும். மூக்கின் நீளம் மண்டை நீளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத நாய்களை இனப்பெருக்கம் செய்ய நெதர்லாந்து 2019-ல் தடை போட்டது. இங்கே அதே சப்பை மூக்கைக் காட்டித்தான் விலை பேசுகிறார்கள்!

ஏற்கெனவே வளர்ப்பவர்கள் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு ஹார்னஸ் மாட்டட்டும். உடம்பு ஏறாமல் பார்த்துக்கொள்ளட்டும். உச்சி வெயிலில் வெளியே கூட்டிப் போகாமல் இருக்கட்டும். இனிமேல் வாங்க நினைப்பவர்கள் தயவுசெய்து வாங்காதீர்கள். வாங்க ஆள் இருக்கும் வரைதான் இந்த வியாபாரம். நீள மூக்கோடு நிம்மதியாக மூச்சுவிடும் நாட்டுக்குட்டிகள் தெருவுக்குத் தெரு வீடில்லாமல் நிற்கின்றன.