உச்சிவேளையில் பாத்தியில் ஆள் இறங்கக் கூடாது: உப்பளத் தொழிலாளர் நலன் குறித்து எங்கள் நிலைப்பாடு

மரக்காணம் உப்பளங்களில் ஏப்ரல் தொடங்கி ஜூன் முடியும் வரை, முற்பகல் 11 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை பாத்தியில் யாரையும் வேலைக்கு இறக்கக் கூடாது. அதைக் காரணம் காட்டிக் கூலியில் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது. உப்பளத்தில் உழைப்பவர்களின் சங்கம் என்ற முறையில் எங்கள் நிலைப்பாடு இதுதான். மாவட்ட நிர்வாகம், தொழிலாளர் துறை, குத்தகைதாரர்கள் ஆகிய மூன்று தரப்பின் முன்பும் இதை வைக்கிறோம்.

“வெயிலை நம்பித்தானே உப்புத் தொழிலே? வெயிலுக்குப் பயந்தால் எப்படி?” என்று கேட்கிறார்கள். உப்பு விளைய வெயில் வேண்டும்; விளைந்த உப்பை வார வெயில் வேண்டியதில்லை. பாத்தித் தண்ணீரின் அடர்த்தி போமே அளவில் 25 டிகிரிக்கு ஏறியதும் உப்பு தானாகப் படிகிறது. கரையில் ஆள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் படியும். காலையில் வாரிய உப்பை மாலையில் சுமந்தாலும் அம்பாரத்தின் உயரம் குறையப் போவதில்லை.

தொலைக்காட்சியில் சொல்லும் வெப்பநிலை நிழலில் அளந்தது. உப்பளத்தில் நிழல் ஏது? மேலிருந்து ஒரு வெயில், வெள்ளைப் பாத்தியிலிருந்து முகத்துக்கு நேராகத் திரும்பி அடிப்பது இன்னொரு வெயில். கடலோரக் காற்றின் ஈரத்தில் வியர்வை காய்வதும் இல்லை. வியர்வை காயாவிட்டால் உடம்பு ஆறாது. சும்மாட்டின் மேல் ஈர உப்புக் கூடையை வைத்துக்கொண்டு வரப்பில் நடக்கும் பெண்ணின் கழுத்து வழியே உப்புத் தண்ணீர் ஒழுகி, ரவிக்கை உராயும் இடத்தில் புண்ணாகிறது. மறுநாளும் கூடை அதே தலைக்குத்தான் வருகிறது. ரப்பர் பூட்ஸ் கொடுத்தால் போடமாட்டேன் என்கிறார்கள் என்று மேஸ்திரிகள் குறைப்படுவது உண்டு. அளவு பொருந்தாத பூட்ஸுக்குள் உப்புத் தண்ணீர் புகுந்தால் வெறுங்காலே மேல் என்று யாருக்கும் தோன்றும்.

இதைவிடப் பெரிய ஆபத்து வெளியே தெரிவதில்லை. ஒதுங்க இடம் இல்லாததால் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். வெயிலோடு இதுவும் சேர்ந்தால் சுமை சிறுநீரகத்தின் மேல் விழுகிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் 2017க்கும் 2020க்கும் இடையே தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்து, 2023இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பரிந்துரைக்கப்பட்ட வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் உழைக்கிறார்கள். 7 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. நிகரகுவாவிலும் எல் சல்வடோரிலும் கரும்பு வெட்டும் ஆட்களுக்குச் சர்க்கரை நோய் இல்லாமலேயே சிறுநீரகம் கெட்டதைப் பார்த்த பிறகு, அங்கே தண்ணீர், நிழல், கட்டாய ஓய்வு என்று திட்டம் போட்டார்கள். முறையாக நடந்த இடங்களில் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. பெரிய வைத்தியம் எதுவும் தேவைப்படவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வளைகுடாவுக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கு நாங்கள் கேட்பது புதிதல்ல. 2021 முதல் கத்தாரில் ஜூன் 1 தொடங்கி செப்டம்பர் 15 வரை, காலை 10 மணி முதல் மாலை 3.30 வரை திறந்தவெளி வேலைக்குத் தடை. வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் அளவு 32.1 டிகிரியைத் தாண்டினால், எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவுதியிலும் குவைத்திலும் நண்பகல் தடை உண்டு. அங்கே தொழிலாளிக்கு எல்லாம் நல்லபடியாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. அதைப் பற்றித் தனியாகவே ஓர் அறிக்கை எழுதலாம். ஆனால் அயல்நாட்டில் உச்சி வெயிலில் நிறுத்தக் கூடாத தமிழனை மரக்காணத்தில் மட்டும் நிறுத்தலாம் என்பதற்கு என்ன நியாயம்?

வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் கிடைக்கும். வரவேற்கிறோம். செத்த பிறகு கொடுக்கும் தொகைக்கு ஆணை இருக்கும்போது, சாகாமல் காக்கும் வேலை நேரத்துக்கும் ஆணை வேண்டும் அல்லவா? கத்திரி வெயில் தொடங்கியதும் ஊருக்கு ஊர் கட்சிக்கொரு நீர்மோர்ப் பந்தல் முளைக்கிறது. உப்பளத்து வரப்புக்கு ஒரு பானைகூட வந்ததில்லை. அங்கே ஓட்டு கேட்கப் போகிறவர் குறைவு என்பதால் இருக்கலாம்.

கூலியைத் தொடாமல் நேரத்தை மட்டும் மாற்றினால் இது ஒரு வாரம்கூட நிலைக்காது. மழைக்காலத்தில் வேலை இல்லாத மாதங்களுக்கு அரசு தரும் 5,000 ரூபாயை வைத்துக்கொண்டு எந்தக் குடும்பமும் கோடைக் கூலியை விட்டுக்கொடுக்காது. கூடைக் கணக்கில் கூலி வாங்குபவர் நிழலில் உட்கார்ந்தால் நஷ்டம் அவருக்குத்தான். ஆகவே கோடை மூன்று மாதங்களுக்காவது நாள் கூலியை உறுதி செய்ய வேண்டும். குத்தகைதாரர்களில் பலரும் கடன் வாங்கித் தொழில் நடத்துகிறவர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். முழுச் சுமையையும் அவர்கள் தலையில் ஏற்றச் சொல்லவில்லை. மரக்காணத்து உப்பளங்கள் மத்திய, மாநில அரசுகளின் நிலம். நிலத்தின் சொந்தக்காரர் அரசு என்றால், நிழற்கூரை, குடிநீர், பெண்களுக்குக் கழிப்பறை மூன்றையும் குத்தகை நிபந்தனையில் எழுதி, செலவில் ஒரு பங்கைக் குத்தகைத் தொகையில் கழித்துக்கொடுக்கவும் அரசால் முடியும்.

அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மருத்துவப் பணியாளர்கள் வீடு தேடி வருகிறார்கள். உப்புப் பருவத்தில் பகலில் போனால் உப்பளத் தொழிலாளர்கள் வீட்டில் இருப்பதில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை, பருவம் தொடங்கும்போதும் முடியும்போதும், உப்பளத்துக்கே வந்து சிறுநீரும் இரத்தமும் கண்ணும் பார்க்கட்டும். முடிவைத் தொழிலாளியின் கையில் சீட்டாகக் கொடுக்கட்டும்.

அரசாணை வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கப் போவதில்லை. வரும் ஏப்ரல் முதல் எங்கள் உறுப்பினர்கள் 11 மணிக்கு உப்பு வாரும் பலகையைக் கரையில் வைத்துவிடுவார்கள். விட்ட வேலையை விடியற்காலையிலும் மாலையிலும் முடித்துக்கொடுப்பார்கள். அதற்காக யாரையாவது வேலையை விட்டு நிறுத்தினால், அந்தப் பாத்தியில் மற்றவர்களும் இறங்க மாட்டார்கள்.