முத்திரை ஒட்டிய இரகசியம்

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் அழுத பிள்ளைக்குத் தாய் புகட்டிய 'காட்ஃப்ரேஸ் கார்டியல்' மருந்தில் இருந்தது அபின். எத்தனையோ குழந்தைகள் உறக்கத்திலேயே இறந்துபோயின. அந்தப் பழியைத் தாயின் அறியாமைமீது சுமத்துவது அநியாயம். 1783 முதல் இத்தகைய மருந்துகளுக்கு வரி விதித்த அரசு, புட்டிகளில் தன் முத்திரைத்தாளை ஒட்டவைத்தது. மக்கள் அதை நற்சான்றாக நம்பினார்கள். உள்ளே இருப்பதைச் சொல்லும் கடமை மட்டும் விற்றவருக்கு இல்லை. மருத்துவர் கட்டணம் எட்டாத ஏழைக்கு இவைதானே கைகொடுத்தன என்பார்கள். எட்டாதது உண்மைதான். ஆனால் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1909இல் வெளியிட்ட ஆய்வின்படி, இவற்றுள் ஒன்றான பீச்சம்ஸ் மாத்திரையில் இருந்தவை கரியபோளம், சுக்கு, சோப்பு; 13½ பென்னிக்கு விற்ற பெட்டியின் சரக்குவிலை பென்னியில் எட்டில் ஒரு பங்கு. கொள்ளைபோனது ஏழையின் கூலி. சேர்மானத்தை அறிவிக்கும் கட்டாயம் 1941இல்தான் சட்டமானது.