துணைத் தலைவர் நாற்காலி எங்களுக்கு வேண்டாம்

போன வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் மூன்று பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் நகராட்சி ஊழியர் சங்கத்தின் நிர்வாகிகள். சந்தா ரசீதுப் புத்தகம் மாசம் தவறாமல் எங்கள் காலனிக்குள் வரும். நிர்வாகிகள் வந்ததில்லை. அன்றைக்கு வந்தார்கள். அம்மா டீ வைத்துக் கொண்டுவந்தாள். 'இப்பத்தான் குடிச்சுட்டு வந்தோம்' என்றார்கள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் குடித்துவிட்டு வந்திருக்கிறார்கள்!

வந்த விசயம் இதுதான். வருகிற சங்கத் தேர்தலில் நான் செயலாளர் பதவிக்கு நிற்கிறேன். அதிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும். பதிலுக்குத் துணைத் தலைவர் பதவியைப் போட்டியில்லாமல் தருவார்கள். 'மரியாதையான பதவிப்பா. மேடையில நாற்காலி உண்டு.'

இந்தக் கட்டுரைதான் அவர்களுக்கு நான் சொல்லும் பதில்.

மேடையில் நாற்காலி எங்களுக்கு எப்போதுமே உண்டு, தோழர்களே. மே தினத்தன்று கொடிக்கயிறை எங்கள் ஆள் கையில் கொடுத்துப் படமெடுப்பதும் உண்டு. ஆனால் சங்கத்தின் அதிகாரம் மேடையில் இல்லை. மினிட் புத்தகத்தில் இருக்கிறது. கோரிக்கை மனுவில் எது முதல், எது பதினொன்றாவது என்று எழுதுகிற பேனாவில் இருக்கிறது. ஆணையாளர் அறைக்குள் பேச்சுவார்த்தைக்குப் போகிற இரண்டு பேரில் இருக்கிறது. அந்தப் பேனாவும் அந்த நாற்காலியும் செயலாளருடையவை. எங்கள் சங்கத்தில் பாதிக்கு மேல் துப்புரவுத் தொழிலாளிகள். அருந்ததியரும் பறையரும்தான். செயலாளராக வந்தவர்களோ ஒருத்தர் வரி வசூல் பிரிவு, அவருக்கு முந்தியவர் குடிநீர்ப் பிரிவு, அதற்கும் முந்தியவர் எங்கேயும் வேலை பார்க்காத கட்சிக்காரர். எல்லோரும் சாதி இந்துக்கள். கேட்டால், 'சங்கத்துல சாதி கெடையாது, தோழர்' என்பார்கள்.

அப்படியா சேதி? சாதி இல்லாத இந்தச் சங்கத்தில் கூப்பிடுகிற முறையைக் கொஞ்சம் கவனியுங்கள். வரிப்பிரிவு எழுத்தர் 'தோழர்'. ஓட்டுநர் 'அண்ணா'. இருபத்தைந்து வருசம் தெருக் கூட்டிய எங்கம்மா மட்டும் 'ஏம்புள்ள'. கூப்பிடுகிறவருக்கு அவள் மகன் வயது. நான் நிற்கப்போகிறேன் என்று சொன்ன நாளில் அம்மா சிரித்தாள். 'மொதல்ல என்னைத் தோழர்னு ஒருக்கா கூப்பிடச் சொல்லு. அப்புறம் சாதி இல்லைன்னு நம்பறேன்.'

என் கதையும் இதுதான். அப்பா பணியில் இருக்கும்போதே இறந்தார். நான் அப்போது பி.ஏ. முடித்திருந்தேன். வாரிசு வேலை கேட்டேன். கொடுத்தது அப்பாவின் துடைப்பம். படிப்புக்கேற்ற வேலை கேட்டு நான் எழுதிய மனுவைச் சங்கத்திடம் கொடுத்தேன். 'முதல்ல சேருப்பா, அப்புறம் பாத்துக்கலாம்' என்றார்கள். ஒன்பது வருசம் ஆகிறது. மனு சங்க அலுவலக அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

இது புதுசு ஒன்றும் இல்லை. 1938இல் மன்மாடில் ரயில்வேயின் தீண்டப்படாத தொழிலாளர் மாநாட்டில் அம்பேத்கர் பேசியது இதைத்தான். ஸ்டேசன் மாஸ்டர் வீட்டு வேலையையும் போர்ட்டர் பார்க்க வேண்டியிருந்தது; அதனால் தீண்டப்படாதவன் போர்ட்டர் ஆக முடியாது, காங்மேனாகவே இருக்க வேண்டும். பம்பாய் ஆலைகளில் கூலி கூடுதலான நெசவுப் பிரிவுக்குள் அவனை விடமாட்டார்கள். அறுந்த நூலை வாயில் வைத்து ஈரப்படுத்த வேண்டும், எச்சில் தீட்டாம்! விடாதவர்கள் முதலாளிகள் மட்டுமா? கூட வேலை செய்த தொழிலாளிகளும்தான். தொழிலாளிக்கு இரண்டு பகைவர்கள், பார்ப்பனியமும் முதலாளித்துவமும் என்று அங்கேதான் அவர் சொன்னார். எங்கள் சங்கம் இரண்டாவது பகைவனைப் பற்றி மாசம் ஒரு கூட்டம் போடுகிறது. முதல் பகைவன் செயலாளர் அறையில் உட்கார்ந்து டீ குடிக்கிறான்.

'வர்க்க ஒற்றுமையைப் பிளக்கிறாய்' என்று என்மேல் குற்றச்சாட்டு. சரி, பிளவைப் பற்றியே பேசுவோம். 1921 பக்கிங்காம் – கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதிதிராவிடத் தொழிலாளிகளில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் சேரிக் குடிசைகள் எரிந்தன. நிர்வாகம் எங்களைப் பயன்படுத்திக்கொண்டது என்பது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 'கருங்காலி' என்று நூறு வருசமாகத் திட்டுகிறவர்களிடம் ஒரு கேள்வி: முடிவெடுக்கிற இடத்தில் எங்களுக்கு எத்தனை நாற்காலி போட்டிருந்தீர்கள்? முடிவெடுக்க அழைக்காதவனை முடிவுக்குக் கட்டுப்படவில்லை என்று அடிப்பது எந்த ஊர் ஒற்றுமை?

அதே புளியந்தோப்பு இன்றைக்குச் சென்னை மாநகராட்சியின் 6ஆவது மண்டலத்தில் இருக்கிறது. மண்டலத்தின் பெயர் திரு.வி.க. நகர். 1918இல் பி.பி. வாடியாவோடு சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியவரின் பெயர். 2025 ஆகஸ்டில் 5, 6 மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் உட்கார்ந்தவர்கள் யார்? துப்புரவுத் தொழிலாளிகள். முன்வரிசையில் பெண்கள். நள்ளிரவில் போலீஸ் அவர்களை அள்ளிக்கொண்டு போனது. எங்கள் மக்களுக்குப் போராடத் தெரியாது, தலைமை தாங்கத் தெரியாது என்று சொல்கிறவர்கள் அந்த 13 நாளைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

சட்டத்தையும் பாருங்கள். மலம் அள்ளுவதைத் தடுத்து 1993இல் ஒரு சட்டம் வந்தது. ஏட்டில் கிடந்தது. 2003இல் சபாய் கர்மசாரி ஆந்தோலன் உச்ச நீதிமன்றம் போனது. அந்த வேலை செய்த குடும்பங்களில் பிறந்தவர்கள் முன்னின்று நடத்திய இயக்கம். அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 2013இல் புதிய சட்டம் வந்தது. 2014 தீர்ப்பில் குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம். 2023இல் அதையே உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக்கியது. எங்கள் சங்கத்தின் கோரிக்கை மனுக்களை 1993லிருந்து புரட்டிப் பார்த்தேன். பண்டிகை முன்பணம் ஒவ்வொரு வருசமும் முதல் பக்கத்தில் இருக்கிறது. கையுறையும் காலணியும் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன. சாக்கடைக் குழி ஒரு மனுவிலும் இல்லை. எழுதியவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் குழியில் இறங்கியதில்லை. அவ்வளவுதான்.

இப்போது புதுத் தந்திரம். பறையர் தெருவில் போய், 'அவன் வந்தா எல்லாம் அருந்ததியருக்குத்தான். 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வாங்கினது பத்தாதா?' என்கிறார்கள். எங்கள் தெருவுக்கு வந்து, 'பறையன் உனக்கு ஓட்டுப் போடுவானா?' என்கிறார்கள். சங்கத்தில் சாதி இல்லை என்று சொன்ன அதே வாய்! இரண்டு தெருவுக்கும் நானே போனேன். திட்டு வாங்கினேன், டீயும் குடித்தேன். 2009இல் வந்த உள் ஒதுக்கீட்டைப் பற்றி எங்களுக்குள் சண்டை இருக்கிறது. அதை நாங்கள் பேசித் தீர்ப்போம். அதற்குப் பஞ்சாயத்து பண்ண வரிப்பிரிவு ஆள் வேண்டியதில்லை.

என் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அணியின் பட்டியலை எழுதி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். எட்டுப் பேர். ஒரே ஒரு பெண், அதுவும் துணைத் தலைவர் பதவிக்கு! அம்மா கேட்டாள்: 'தெருத்தெருவா கூட்டறது நாங்க. கையெழுத்துப் போடறது மட்டும் நீங்களா? உங்களுக்கு அவன் தர்ற நாற்காலியத்தானே நீ எங்களுக்குத் தர்ற?' எனக்குப் பேச்சு வரவில்லை. பட்டியலைக் கிழித்தேன். இப்போது பொருளாளர் பதவிக்கு நிற்பவர் ஒரு தூய்மைப் பணியாளர் அம்மா. குழுவுக்கு மூன்று பெண்கள் நிற்கிறார்கள். இதுவும் பத்தாது என்கிறாள் அம்மா. பத்தாதுதான்.

நாங்கள் கேட்பது மூன்று. ஒன்று, ரகசிய வாக்கெடுப்பு. இதுவரை கைதூக்கித்தான் தேர்தல். ஹாலின் ஓரத்தில் மேஸ்திரி நின்று யார் கை எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பான். மறுநாள் காலையில் மஸ்டரில் அதற்குக் கணக்குத் தீர்ப்பான். இரண்டு, ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கு உறுப்பினர் அட்டையும் ஓட்டும். ஒரே தெரு, ஒரே குப்பை, பாதிக் கூலி. அவர்கள் 'கான்ட்ராக்ட்காரன் ஆளு' என்று சங்கம் கைகழுவுகிறது. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம் என்றது 1926ஆம் வருசத்துச் சட்டம். அத்தனை எளிதான உரிமையை இத்தனை பேருக்கு மறுப்பதா ஒற்றுமை? மூன்று, வாக்காளர் பட்டியலைத் தேர்தலுக்குப் பதினைந்து நாள் முன்னால் சங்கச் சுவரில் ஒட்ட வேண்டும்.

தோற்றால் என்ன செய்வாய் என்று அந்த மூன்று பேரில் ஒருத்தர் கேட்டார். தோற்கலாம். கைதூக்கல் நடந்தால் நிச்சயம் தோற்பேன். தனிச் சங்கம் கட்டப் போவாயா என்றார். இது எங்கள் சந்தாவில் கட்டிய கட்டடம். நாங்கள் எதற்கு வெளியே போக வேண்டும்?

இதைப் படிக்கும் மாணவத் தோழர்களிடம் ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊரில் இருக்கும் நகராட்சிச் சங்க அலுவலகத்துக்கு ஒருநாள் போங்கள். நிர்வாகிகள் பெயர்ப் பலகையைப் படியுங்கள். பிறகு விடியற்காலை ஐந்து மணிக்கு மஸ்டர் எடுக்கும் இடத்துக்குப் போய், வரிசையில் நிற்பவர்களிடம் பெயர் கேளுங்கள். இரண்டு பட்டியலையும் ஒன்றாக வைத்து உங்கள் ஊர்த் தோழர்களிடம் காட்டுங்கள். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள்.

செயலாளர் பதவிக்கு வேட்பு மனு கொடுத்துவிட்டேன். திரும்ப வாங்குவதாக இல்லை. அன்றைக்கு ராத்திரி வைத்த டீ அப்படியே ஆறிக் கிடந்தது, தோழர்களே. அடுத்த தடவை வரும்போது குடித்துவிட்டுப் பேசுங்கள்.