மெமரி பத்தலையா, கணக்கு பத்தலையா?

"கூடா அவுட் ஆஃப் மெமரி". நியூரல் நெட்வொர்க்குக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கக் கிளம்பியவர்களில் இந்த வரியைப் பார்க்காமல் தப்பியவர்கள் குறைவு. உடனே பக்கத்தில் இருக்கும் விஷயம் தெரிந்த அண்ணன் ஒருவர் தீர்ப்பு சொல்லிவிடுவார்: "இதுல எல்லாம் ஓடாதுப்பா. பெரிய கார்டு வாங்கு, இல்லேன்னா விட்டுடு."

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு வாடகை ரூமில், பழைய லேப்டாப்பில் கூகுள் கோலாப் திறந்து வைத்திருக்கும் பையனுக்கு இதன் அர்த்தம் ஒன்றுதான்... "இது உனக்கானது இல்லை". அவனும் விட்டுவிடுகிறான். இந்தத் தீர்ப்பு தப்பு. பாதி சோம்பேறித்தனம், மீதி பணக்காரத்தனம்.

கொஞ்சம் பழைய கதை. 2012-ல் இமேஜ்நெட் போட்டியில் ஜெயித்து இந்த அலையையே ஆரம்பித்து வைத்த அலெக்ஸ்நெட் ஓடியது ஜிடிஎக்ஸ் 580 கார்டில். மெமரி வெறும் 3 ஜிபி. நெட்வொர்க் அதில் அடங்கவில்லை. டொராண்டோ பல்கலைக்கழகத்துக்காரர்கள் விட்டுவிட்டா போனார்கள்? நெட்வொர்க்கை இரண்டாகப் பிரித்து இரண்டு கார்டில் போட்டார்கள். அதாவது, இந்தத் துறை வளர்ந்ததே மெமரி பத்தாத இடத்தில்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு கடையின் பேலன்ஸ் ஷீட் மாதிரிதான் ஜிபியு மெமரியும். ஒன்று நிலைச்சொத்து, இன்னொன்று நடைமுறை மூலதனம்.

நிலைச்சொத்து: சாதாரண 32 பிட் கணக்கில் ஒரு பாராமீட்டருக்கு வெயிட் 4 பைட், கிரேடியன்ட் 4 பைட், ஆடம் ஆப்டிமைசர் வைத்துக்கொள்ளும் இரண்டு குறிப்புகளுக்கு 8 பைட். மொத்தம் 16. பெர்ட் பேஸ் மாடலில் சுமார் 11 கோடி பாராமீட்டர். பெருக்கினால் 1.8 ஜிபிகூட வராது. கோலாபில் இலவசமாகக் கிடைக்கும் டி4 கார்டில் 16 ஜிபி. அப்புறம் ஏன் வெடிக்கிறது?

நடைமுறை மூலதனம்தான் காரணம். பின்னோக்கிக் கணக்குப் போடுவதற்காக ஒவ்வொரு லேயரும் எடுத்து வைக்கும் இடைநிலை விடைகள், அதாவது ஆக்டிவேஷன். பேட்ச் கூடக்கூட இதுவும் கூடும். வாக்கியம் நீண்டால், பழைய முறை அட்டென்ஷனில் நீளத்தின் வர்க்கமாக ஏறும்.

எப்போது வெடிக்கிறது என்று பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். முதல் ஸ்டெப்பிலேயே என்றால், அளவு பெரிசு. ஸ்டெப் போகப்போக மெமரி ஏறிக்கொண்டே இருந்தால், லாஸைக் கூட்டி வைக்கும் வரியில் 'ஐட்டம்' போட மறந்து கணக்கு மொத்தமும் பின்னால் தொங்குகிறது. டெஸ்ட் பண்ணும்போது மட்டும் என்றால், 'நோ கிராட்' போடவில்லை. எப்போதாவது ஒருமுறை என்றால், ஏதோ ஒரு பேட்சில் முழ நீள வாக்கியம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இதில் எதற்குமே கடைக்குப் போகவேண்டிய அவசியமில்லை. ('எம்ப்டி கேஷ்' வரியை மந்திரம் மாதிரி பத்து இடத்தில் எழுதுகிறவர்கள் கவனிக்க: பயன்பாட்டில் இருக்கும் மெமரியை அது தொடவே தொடாது.)

அளவுதான் பெரிசா? கிரிவலப் பாதையில் அன்னதானம் போடுகிறவர்கள் 400 பேருக்கும் ஒரே பந்தியில் இலை போடுவதில்லை. 32-ஐ எட்டு எட்டாக நாலு பந்தியாக்கி, லாஸை நாலால் வகுத்து, கிரேடியன்டைச் சேர்த்துக்கொண்டு, கடைசியில் ஒரே ஒரு ஸ்டெப். பேட்ச் நார்ம் இருக்கும் நெட்வொர்க்கைத் தவிர விடை ஏறக்குறைய அதேதான். அதுவும் பத்தவில்லையா? 2016-லேயே கிரேடியன்ட் செக்பாயின்டிங் வந்துவிட்டது: எல்லா இடைநிலை விடையையும் வைக்காமல், வேண்டியபோது திரும்பக் கணக்குப் போடு. நேரம் கொஞ்சம் கூடும், மெமரி வெகுவாகக் குறையும்.

இதில் தமிழுக்கு என்ன? நிறையவே இருக்கிறது. யுடிஎஃப்-8-ல் ஓர் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்த டோக்கனைசர் தமிழ்ச் சொல்லைத் துண்டு துண்டாக நறுக்கும். அதே விஷயம், ஆனால் பல மடங்கு டோக்கன். ஆங்கிலம் ஓடுகிற அதே கார்டில் தமிழ் வெடிக்கும். பிழையைப் பார்த்து "கார்டு சின்னது" என்று எழுந்து போகிற ஒவ்வொரு பையனோடும் ஒரு தமிழ் மாடலும் எழுந்து போகிறது. தமிழுக்குத் தக்க டோக்கனைசரை எடுத்தாலே பிரச்சினை பாதி தீரும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

எதிர்வாதமும் நியாயமானதுதான். 100 கோடி பாராமீட்டர் மாடலை முழுசாகப் பழக்க நிலைச்சொத்தே 16 ஜிபி, டி4-ல் முடியாது. மிக்ஸ்ட் பிரிசிஷன் போட்டாலும் ஆடமோடு அந்த 16 பைட் பெரிதாகக் குறையாது, ஆக்டிவேஷன்தான் குறையும். ஆனால் முழுசாகப் பழக்கவேண்டும் என்று யார் சொன்னது? 2021-ல் லோரா வந்தது. 2023-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் கியூலோரா முறையில் 6,500 கோடி பாராமீட்டர் மாடலை ஒரே ஒரு 48 ஜிபி கார்டில் ஃபைன்டியூன் பண்ணிக் காட்டினார்கள்.

மத்திய அரசு 2024 மார்ச்சில் 10,372 கோடி ரூபாய்க்கு இந்தியாஏஐ மிஷன் அறிவித்து, மானிய விலையில் ஜிபியு தருகிறது. நல்ல விஷயம், வேண்டியதுதான். ஆனால் கணக்கு தெரியாதவன் கையில் 80 ஜிபி கொடுத்தாலும் பேட்சை ஏற்றி அதையும் வெடிக்க வைப்பான். கடன் வாங்கி முதலைப் பெருக்குவதற்கு முன்னால் கணக்கைப் பார் என்று பெட்டிக்கடைக்காரருக்குச் சொல்வோம். ஒரு மாணவனுக்கு மட்டும் ஏன் சொல்லமாட்டேன் என்கிறார்கள்?