தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளையும் மருத்துவரின் அறையும்

எங்கள் மனநலப் புறநோயாளர் பிரிவுக்கு 20 வயதைக் கடந்த ஒருவர் வரும்போது பெரும்பாலும் தனியாக வருவதில்லை. தாய் உடன் வருவார். தந்தை கையில் பழைய மருந்துச் சீட்டுகள் இருக்கும். "என்ன செய்கிறது?" என்று இளைஞரைக் கேட்டால் தாய் விடையளிப்பார். ஆலோசனை முடிந்த பின் தந்தை மட்டும் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "உள்ளே என்ன சொன்னாள், டாக்டர்? நாங்கள் பெற்றவர்கள் அல்லவா?"

அக்கேள்வியில் அன்பும் அச்சமும் இருக்கின்றன. ஆயினும் அதற்கு நாங்கள் விடை சொல்லாததற்குக் காரணம் உண்டு.

அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2000ஆம் ஆண்டில், 18 முதல் 25 வரையிலான வயதை வாழ்வின் தனிப் பருவமாகக் கருத வேண்டும் என்றார். தானே முடிவெடுப்பதும் தன் செலவைத் தானே ஏற்பதும் அங்கே முதிர்ச்சியின் அடையாளங்கள். நம் வீடுகளில் கணக்கு சற்று வேறு. முதல் சம்பளத்தை அம்மாவிடம் கொடுக்கும்போது மகன் பெரியவனாகிறான். தம்பியின் கல்லூரிக் கட்டணத்தை ஏற்கும்போது மகள் பெரியவளாகிறாள். இங்கே வளர்வது என்பது குடும்பத்திற்குள் இடம் மாறுவது. "வீட்டாரிடமிருந்து விலகி நில்லுங்கள்" என்று மட்டும் அறிவுரை கூறினால், அந்த இளைஞர் அடுத்த முறை வரமாட்டார்.

துன்பத்தைச் சொல்லும் மொழியும் வேறு. 'மனச்சோர்வு' என்று சொல்லிக்கொண்டு வருவோர் சிலரே. தலை பாரம், நெஞ்சடைப்பு, வயிற்றெரிச்சல் என்றே பலர் தொடங்குகிறார்கள். மணிக்கட்டில் மந்திரித்த கயிறு இருந்தால் நாங்கள் அதைக் கழற்றச் சொல்வதில்லை. கயிறும் இருக்கட்டும், மாத்திரையும் தவறாதிருக்கட்டும்.

குடும்பத்தைச் சிகிச்சையின் துணையாகக் கொள்வது இந்திய மனநல மருத்துவத்தின் பெருமைகளுள் ஒன்று. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், வளாகத்தில் கூடாரங்கள் அமைத்து உறவினரை நோயாளிகளுடன் தங்கச் செய்தார். அந்த மரபை நாங்கள் மதிக்கிறோம்.

ஆனால், பண்பாட்டை மதிப்பது என்றால் எப்போதும் பெரியவர்களின் பக்கம் நிற்பது என்று பொருளல்ல. அந்த இளைஞரும் அதே பண்பாட்டின் பிள்ளைதான். மறைத்து வைத்த அரியர் தாள்கள், வேறு சாதியில் ஒரு காதல், பிடிக்காத படிப்பு ஆகியவற்றை அவர் எங்களிடம் சொல்வது, வெளியே போகாது என்ற நம்பிக்கையில்தான். ஒருபாலீர்ப்புள்ள பிள்ளையை 'மாற்றித் தருமாறு' கேட்கும் பெற்றோரும் உண்டு. அத்தகைய 'மாற்றுச் சிகிச்சை' தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்துள்ளது. வீட்டின் மானம் என்ற பெயரிலும் அதை நாங்கள் செய்ய முடியாது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 18 வயது நிறைந்தவருக்கு இரகசியம் காக்கப்படும் உரிமையை அளிக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற விதிவிலக்குகள் உண்டு. அப்போதும் தேவையான அளவே வெளியிடலாம். சட்டத்தைவிட எங்களுக்குப் பாடம் கற்பித்தது அனுபவம். தொடக்க ஆண்டுகளில் ஒரு தந்தையின் கண்ணீருக்கு இளகி, சொல்லக்கூடாததைச் சொன்னதுண்டு. அந்த இளைஞர் பிறகு வரவேயில்லை. சொல்ல மறுத்ததால் பெற்றோர் சினந்து சிகிச்சையை நிறுத்தியதும் உண்டு. இரண்டும் இழப்பே, எனினும் முதலாவதில் பிழை எங்களுடையது.

ஆகவே இப்போது முதல் சந்திப்பிலேயே எல்லோர் முன்பும் விதியைச் சொல்லிவிடுகிறோம். முதலில் இளைஞருடன் தனியே பேசுவோம். பின்னர் அவர் இசைவுடன், அவர் தேர்ந்த செய்திகளை மட்டும் குடும்பத்துடன் பேசுவோம். "இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது?" என்பதை அவருடன் சேர்ந்து ஒத்திகை பார்ப்பதும் சிகிச்சையின் பகுதியே. தாமே வாய் திறந்து சொல்லும் நாள் வரும்போது, தந்தை எங்களிடம் கேட்க எதுவும் மிஞ்சுவதில்லை.

பெற்றோரே, தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்பது நம் முன்னோர் சொல். தோழனின் இரகசியத்தை மருத்துவரிடம் கேட்க வேண்டாம். அவர் சொல்லும்வரை காத்திருங்கள். காத்திருக்கும் நேரத்தில் உங்கள் அச்சத்தை எங்களிடம் சொல்லலாம், அதையும் காப்போம். இளையோரே, இங்கு வரத் தயங்கினால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.