டிபன் என்றால் இட்லிதானா?



"இன்றைக்கு என்ன டிபன்?" நண்பகல் மணி அடித்ததும் நம் பள்ளியில் எங்கும் ஒலிக்கும் கேள்வி இது. ஆனால் இதற்கு விடை சொல்லக் கூசும் தோழியரும் நம்மிடையே உண்டு என்பதை நாங்கள் இவ்வாண்டுதான் உணர்ந்தோம்.

அடி அண்ணாமலையிலிருந்து வரும் நாங்கள் சிலர் வட்டமாக அமர்ந்து உண்பது வழக்கம். எங்களுள் ஒருத்தி மட்டும் டப்பாவைப் பாதி திறந்து, மூடியால் மறைத்தபடியே உண்பாள். ஒரு நாள் விளையாட்டாக அம்மூடியைப் பிடுங்கினோம். உள்ளே கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைத் துவையலும் இருந்தன. "இதெல்லாம் ஒரு டிபனா?" என்று கேட்டுச் சிரித்தோம். மறுநாள் அவள் டப்பாவே கொண்டுவரவில்லை. கேட்டதற்கு, "பசியில்லை" என்றாள்.

செய்தி அறிந்த சிஸ்டர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "சிரிக்குமுன் அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரியுமா? தேடிப் பாருங்கள்" என்றார்கள்.

தேடினோம். டிபன் தமிழ்ச் சொல்லன்று, ஆங்கிலச் சொல். 1785-இல் இங்கிலாந்தில் வெளியான கொச்சைச் சொல் அகராதி ஒன்றில் 'டிஃபிங்' என்ற சொல் உள்ளது. உணவு வேளையல்லாத வேளையில் உண்பதும் பருகுவதும் என்பதே அதன் பொருள். இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர்கள் தங்கள் நண்பகல் உணவை 'டிஃபின்' என்றனர். யூல் என்பவரும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னல் என்பவரும் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி இவ்விரு சொற்களையும் இணைத்துக் காட்டுகிறது. இங்கிலாந்தில் இன்று ஏறக்குறைய மறைந்துவிட்ட இச்சொல், நம் வீடுகளில் நன்றாக வாழ்கிறது. மும்பையில் டப்பாவாலாக்கள் கொண்டுசெல்லும் டிபனில் சப்பாத்தியும் சோறும் இருக்கும். நாமோ இட்லி, தோசை, உப்புமா முதலியவற்றுக்கே அப்பெயரைச் சூட்டிவிட்டோம்.

ஆக, அச்சொல்லுக்குள் இட்லி இல்லை! பெருமையும் இல்லை, சிறுமையும் இல்லை. எங்கள் பாட்டிமார் காலத்தில் கிராமத்து வீடுகளில் இட்லியும் தோசையும் பண்டிகைப் பலகாரங்கள். மற்ற நாட்களில் பழைய சோறு, கூழ், களி ஆகியவையே வயலில் உழைத்தவர்களின் உணவு. அந்த உணவைப் பார்த்து, அதே வீட்டுப் பேத்தியரான நாம் சிரிப்பது முறையா?

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டத்தை எண்ணிப் பாருங்கள். எங்கள் தம்பி தங்கையர் ஒரே பாத்திரத்து உப்புமாவையோ பொங்கலையோ ஒன்றாக உண்கிறார்கள். அங்கே மறைக்க மூடியில்லை. பௌர்ணமி நாட்களில் கிரிவலப் பாதையில் அன்னதானம் பெறுவோரும் பக்கத்து இலையைப் பார்த்து நகைப்பதில்லை.

எனவே, வீட்டிலிருந்து அன்போடு கட்டிக் கொடுத்த எதுவும் டிபனே என்பது எங்கள் கருத்து. பெற்றோரும் "களி கொடுத்தனுப்பினால் கேலி செய்வார்களே" என்று தயங்க வேண்டாம். மாற வேண்டியவர்கள் மாணவியராகிய நாங்களே.

அத்தோழியிடம் மன்னிப்புக் கேட்டோம். இப்போது டப்பா கொண்டுவருகிறாள். எங்களுக்கும் ஒரு வாய் தருகிறாள். ஆனால் மூடியை இன்னும் பாதிதான் திறக்கிறாள். சிரிக்க ஒரு நொடி போதும். அது மறக்கப் பல நாட்களாகும். அந்த மூடி முழுவதும் திறக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி, அடி அண்ணாமலை